நகர வடிவமைப்பு வகுப்புக்கு க்யூஜிஐஎஸ்: ராமேஸ்வரத்தில் தேறுமா?

அளப்பதற்குப் போதும், பார்ப்பதற்குப் போதாது. நகர வடிவமைப்பு ஸ்டுடியோவில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் பற்றிய தீர்ப்பு இதுதான். இலவசம், லைசென்ஸ் தொல்லை இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பே ராமேஸ்வரம் தீவு முழுவதையும் தாங்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவு அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் வரும். முதல் வேலையாக லேயரை, மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யுடிஎம் 44 வடக்குக்கு (அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644) மாற்றிச் சேமிக்க வேண்டும். ப்ராஜெக்ட் செட்டிங்கில் மட்டும் மாற்றினால் பலனில்லை. இல்லாவிட்டால் கரையையொட்டி 500 மீட்டர் என்று நினைத்துப் போட்ட பஃபர் (சுற்றுப்பட்டை) 500 டிகிரி ஆகிவிடும். மீட்டரில் சரியாகப் போட்டாலும் அது சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) எல்லை அல்ல. சட்டம் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, அளக்கிறது. மேப்பில் இருப்பது வெறும் கரைக்கோடு.

கட்டடம் கறுப்பு, வெளி வெள்ளை என்ற படம் நொடியில் வந்துவிடும். வில்லங்கமும் அங்கேதான்: ராமநாதசுவாமி கோயில் மொத்தமும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு 22 தீர்த்தமாட உள்ளே போகிறவர்களுக்குப் பிராகாரமும் தெருதான். இத்தாலியக் கட்டடக் கலைஞர் நோல்லி 1748இல் வெளியிட்ட ரோம் வரைபடத்தில் தேவாலய உட்புறங்களை வெள்ளையாக விட்டிருப்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிறகு பிராகாரங்களைத் தனிப் பாலிகனாக வரைந்து, 'டிஃபரன்ஸ்' கொடுத்துக் கோயிலிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மதியம் முழுவதும் கொடுத்தாலும் தகும்.

கள ஆய்வுக்குப் போனில் க்யூஃபீல்ட் செயலி. தரவைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் வேண்டாம், ஜியோபேக்கேஜ் போதும். ஷேப்ஃபைலில் அட்டவணை நெடுவரிசையின் பெயருக்கு 10 பைட்தான். தமிழில் ஒரு குறிக்கே 3 பைட் போய்விடும், 'கடைவகை' கூட முழுசாக நிற்காது. தனுஷ்கோடிச் சாலையில் ஒழுங்காக நிற்கும் ஜிபிஎஸ் புள்ளி, கீழக்கரைச் சந்துகளில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறிப்பதால் அடுத்த வீட்டுக்குள் விழும். சந்தின் அகலத்தை டேப் பிடித்தே அளக்க வேண்டும்.

விண்வெளியிலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை வைத்து வெள்ளப் படம் போடும் ஆசை எல்லா பேட்சுக்கும் வரும். தடுத்துவிடுங்கள். 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே உயரம். தென்னை உச்சியும் கூரையும் அதில் சேர்ந்தே வரும். பிழையே சில மீட்டர், தீவின் தாழ்வான மணல் திட்டுகளின் உயரமும் அவ்வளவுதான். 1964 புயல் மாதிரி ஓர் அலையை அதில் ஓட்டினால் படம் அழகாக வரும். தென்னந்தோப்பை மேடு என்று காட்டும்.

தெருவின் குறுக்குவெட்டுக்கு க்யூஜிஐஎஸ் உதவாது. 3டி வியூவில் வீடுகள் வெறும் பெட்டிகள். திண்ணையும் பந்தலும் இருக்காது. அதை 1:50 அளவில் கையால் வரைய வையுங்கள்.