18,500 ரூபாய்க்கு வந்தது வண்ணக் காகிதம்: ஏலக் குழுவில் ஸ்டாம்ப் வாங்கறவங்க ஒரு நிமிஷம் படிங்க

முந்தாநேத்து பார்சல் வந்ததுங்க. வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலை. முழுசா 18,500 ரூபாய். கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சின்னு நம்ம பக்கத்து சேகரிப்பாளர்கள் பலர் இருக்கிற செல்போன் ஏலக் குழு அது. புகார் கொடுத்திருக்கறதால பேர் போடலை. எதை எப்படிச் சோதிக்கணும்னு கடைசியில் சுருக்கமா எழுதறேன்.

ஏலத்துக்கு வந்தது மூணு பொருள். 1948 காந்தி நாலு மதிப்பும்: ஒண்ணரையணா, மூணரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய். 1963 வனவிலங்கு செட் அஞ்சும்: காட்டெருமை, சிவப்பு பாண்டா, யானை, புலி, சிங்கம். கூடவே வெளிநாட்டு விலங்கு, சரித்திர மினியேச்சர் ஷீட் (ஸ்டாம்போட சுத்து ஓரமும் சேர்ந்த குட்டித் தாள்) 60. எல்லாமே மின்ட், அதாவது பயன்படுத்தாதது, ஆல்பத்தில் ஒட்டற ஹிஞ்ச் காகிதம் படாதது, பசை அசல்னு எழுத்தில் உறுதி.

நம்ப வெச்சது எதுன்னு சொல்லியே ஆகணும். அதுக்கு முந்தின வாரம் ஏலம் விட்ட அதே ஆள்கிட்ட 2004 திருப்பூர் குமரன், 2005 தீரன் சின்னமலை முதல் நாள் உறை (ஸ்டாம்ப் வெளியான அன்னிக்கே முத்திரை குத்தின கவர்) ரெண்டும் 350 ரூபாய்க்கு வாங்கினது. மூணே நாளில், அட்டைக்கு நடுவில் வெச்சு, மூலை மடங்காம வந்தது. அந்த உறைதான் தூண்டில். "நம்மூர்க்காரங்களையே ஏமாத்துவனுங்களாண்ணா? காந்திக்கு நிபுணர் சான்றிதழே இருக்குதுங்க"ன்னு போட்டோ அனுப்பினான். சான்றிதழில் இருந்தது அசல் ஸ்டாம்ப்தான். ஆனா அதோட ஓரப் பல்லும் ஏலத்துக்குப் போட்ட ஸ்கேனோட ஓரப் பல்லும் ஒண்ணான்னு ஒப்பிட்டுப் பார்க்காம யூபிஐயில் 18,500 போயிருச்சு. சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட ஸ்டாம்புக்குத்தான் கொடுப்பாங்க, அந்த வகைக்கே இல்லை. வேறொருத்தரோட காந்திக்கு வாங்கின சான்றிதழைத்தான் காட்டியிருக்கான்.

காந்தி செட் சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவூர்ங்கற, குழித்த உருளையில் மை எடுத்து அடிக்கிற முறையில் அடிச்சது. துளை அளவு நாலு பக்கமும் 11½, அதாவது ரெண்டு சென்டிமீட்டருக்குள் பதினொண்ணரைத் துளை. வந்ததை அளவுகோலில் வெச்சா 13 கிட்ட நிக்குது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தா நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புன்னு புள்ளிகள் பூ மாதிரி சுத்தி நிக்குது. ஒரே பழுப்பு மையில் அடிச்ச ஒண்ணரையணாவில் நீலப் புள்ளி எப்படிங்க வரும்? யூவி லைட்டில் காகிதம் நீலவெள்ளையா பளீர்னு அடிக்குது. இந்தக் காலத்து வெண்மையேத்தின காகிதத்தில் கலர் பிரிண்ட் போட்டு ஓட்டை குத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

1963 செட் அசல் காகிதம்தான். ஆனா பசை புதுசு. தொழிற்சாலையில் பசை பூசின பிறகுதான் துளை போடுவாங்க, அதனால பல் நுனி மெத்துன்னு, நார் பிரிஞ்சு இருக்கும். துளை போட்ட பிறகு பூசினா பசை பல் நுனிக்குள் இறங்கி விறைச்சுக்கும். விரலால் நீவினாலே குத்தும். யூவியில் புலி மேல கழுவின முத்திரையோட வளைவு மங்கலா தெரிஞ்சுது. பயன்படுத்தினதைக் கழுவி, பசை தடவி, மின்ட்னு வித்திருக்கான்.

அந்த 60 ஷீட்டில் 41, ஆப்பிரிக்க நாடுகள் பேரிலும், இப்போ ரஷ்யாவில் இருக்கிற துவா பேரிலும் யாரோ அடிச்சது. துவா பேரைப் பார்த்ததும் ஆசைப்படாதீங்க. முக்கோணம், சாய்சதுரம்னு மிருகப் படத்தோட வந்த அசல் துவா ஸ்டாம்பெல்லாம் 1930கள் வரைக்கும்தான். 1990களில் அந்தப் பேரில் வந்ததை ரஷ்ய அஞ்சல் துறை அங்கீகரிக்கலை. மீதி 19, வளைகுடா பக்கத்து அஜ்மான், ஃபுஜைரா, மனாமா பேரில் வந்தது. மூலையில் கால்வட்ட முத்திரை, பின்னால் பசை அப்படியே. தபாலில் போகாம மூட்டையா முத்திரை குத்தின சி.டி.ஓ. சரக்கு.

கேட்டதுக்கு முதல் நாள், "கூரியரில் மாத்தியிருப்பாங்கண்ணா." அடுத்த நாள், "கண்காட்சியில் இருக்கேனுங்க, முடிச்சுட்டுப் பேசறேன்." அப்புறம் "யூவி லைட்டெல்லாம் நம்பாதீங்க"ன்னு பாடம். கடைசியில் எண்ணை முடக்கிட்டான். குழு நிர்வாகியோ, "உள்ளது உள்ளபடின்னு விதியில் இருக்குதுங்க, பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டு அந்த உரையாடலையே அழிச்சுட்டார். 18,500 ரூபாய்க்கு ஒரு வரி மன்னிப்பு கூட இல்லை.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் பதிவு பண்ணியாச்சு. இதுக்கு மேல விவரமா எழுதத் தெம்பு இல்லைங்க, அவசரத்துக்கு இது மட்டும். பின்பக்க ஸ்கேன், 600 டிபிஐக்குக் குறையாம, வராம பணம் போடாதீங்க. சான்றிதழ் படத்தோட பல்லை எண்ணி ஒப்பிடுங்க. 2002க்குப் பிறகு வந்த வெளிநாட்டு ஸ்டாம்பை அதிகாரப்பூர்வ ஸ்டாம்ப்களைப் பதிவு பண்ற, உலக அஞ்சல் ஒன்றியத்தோட டபிள்யூ.என்.எஸ். பட்டியலில் தேடுங்க. எல்லா நாடும் அதில் சேரலை, அதனால அங்க இல்லைங்கறதை மட்டும் வெச்சுப் போலின்னு முடிவு பண்ண வேண்டாம், கேட்லாக்கையும் பாருங்க. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. அந்தக் குழுவில் இந்த வாரமும் "1948 காந்தி, சான்றிதழோட"ன்னு ஒண்ணு ஏலத்துக்கு வந்திருக்கு, யாரும் கை வெச்சுராதீங்க.