மாதவிடாய் வலிக்கு ஒத்தடமா, மாத்திரையா?

மாதவிடாய் நாளில் அடிவயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்க முனைந்தால், “ஏற்கெனவே உடம்பு சூடு, இன்னும் சூட்டைக் கூட்டாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. இந்த அச்சத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒத்தடத்தையும் மாத்திரையையும் நியாயமாக ஒப்பிட முடியாது. கருமுட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் நிர்ணயிக்கும் வெப்ப அளவை உயர்த்துவதால், காலையில் கண் விழித்ததும் பார்க்கும் உடல் வெப்பம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடி, அடுத்த மாதவிடாய் நெருங்கும்வரை அந்நிலையிலேயே இருக்கிறது. புழுக்கமும் தூக்கம் கலைவதும் பெரும்பாலும் அந்த நாட்களுக்கு உரியவை. மெல்லிய பருத்தி உடையும் காற்றோட்டமும் இளநீரும் அப்போதுதான் இதம் தரும். உதிரப்போக்கு தொடங்கும் வேளையிலோ அந்த ஹார்மோன் குறைந்து, வெப்பமும் இறங்கிவிடுகிறது. ஆகவே வலி மிகுந்த நாளில் ஒத்தடத்தைத் தள்ளிவைக்க உடல் சூடு ஒரு காரணமே ஆகாது.

அந்த ஹார்மோன் குறையும்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகி, தசைகளை இறுக்கி, இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால்தான் வலி எழுகிறது. இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதையே தடுக்கின்றன. எனவே வலி முற்றிய பிறகு விழுங்குவதைவிட, தொடங்கும்போதே உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வது கூடுதல் பலன் தரும். ஒத்தடம் உற்பத்தியைத் தடுப்பதில்லை. இறுகிய தசையைத் தளர்த்துகிறது. ஆனாலும் அதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 38.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் பட்டையை அடிவயிற்றில் அணிந்த பெண்களுக்கு, நாளுக்கு மூன்று வேளை 400 மில்லிகிராம் இபுபுரூஃபன் எடுத்தவர்களுக்கு இணையான நிவாரணம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தபோது நிவாரணம் இன்னும் விரைவாக வந்தது.

வீட்டில் இருக்கும் நாளில் ஒத்தடத்துக்கே நான் முதலிடம் தருவேன். வெந்நீர்ப் பையில் கொதிநீரை அப்படியே ஊற்றாமல், அதை முழுவதும் நிரப்பாமல், துண்டில் சுற்றி வைத்து, உறங்குமுன் எடுத்துவிட்டால் போதும். நாள்தோறும் ஒரே இடத்தில் மிகுந்த சூடு பட்டால் தோலில் வலை போன்ற கருமை படியும். வகுப்பறையிலும் பேருந்திலும் நின்ற நிலையில் வேலை செய்யும் கடையிலும் பையோடு படுத்திருக்க இயலாது என்பதால், அங்கே மாத்திரையே கைகொடுக்கும். அதற்காக எந்தப் பெண்ணும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இவ்வகை மருந்துகளால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மெஃபனாமிக் அமிலம் அரிதாகத் தோல் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் கூடிய கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்திருக்கிறது.

சுழற்சியால் வரும் வெப்ப உயர்வு பாரன்ஹீட்டில் ஒரு டிகிரியைக்கூட எட்டாது. 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். மாதவிடாயின் மேல் பழி போடாமல் காரணத்தைத் தேட வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு ஐயம் இருக்கும்போது மேற்சொன்ன இரு மாத்திரைகளும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால், அவற்றைத் தவிர்த்து, பாராசிட்டமாலை மட்டும் உரிய அளவில் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.