பெட்டி சொன்னால்தான் பணம்: கடை சவுண்ட்பாக்ஸ் வாடகைக்குத் தகுமா?

டீக்கடை, காய்கறி வண்டி, மருந்துக்கடை, எங்கே போனாலும் கல்லா ஓரத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முகப்பில் கியூஆர். உள்ளே ஒரு சிம், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. அவ்வளவுதான் சரக்கு. யாராவது ஸ்கேன் செய்து பணம் போட்டால் "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று குரல் கொடுக்கும். கடையில் யாரும் "பெறப்பட்டது" என்று பேசுவதில்லை, "வந்துருச்சு" என்பார்கள். ஆனாலும் அந்த அரசாங்கத் தமிழுக்குக் காது பழகிவிட்டது.

இந்தப் பெட்டி விற்பது சத்தத்தை அல்ல, சங்கடத்திலிருந்து விடுதலையை. பெட்டி வருவதற்கு முன் என்ன நடந்தது? வாங்கியவர் போனைத் தூக்கி, "பாருங்கண்ணா, போயிருச்சு" என்று பச்சை டிக்கைக் காட்டுவார். பரோட்டா மாவில் கை வைத்திருப்பவர் அரை விநாடி எட்டிப் பார்த்து "சரி சரி" என்பார். அந்தத் திரை உண்மையா என்று அவருக்குத் தெரியாது. பெயரும் தொகையும் தட்டினால் அச்சு அசலாகப் பச்சைத் திரை காட்டும் போலி ஆப்கள் உண்டு. "எங்கே, நல்லா காட்டு தம்பி" என்று கேட்டால் தினம் வருகிற ஆளைத் திருடனாக்கியது போல ஆகும். கேட்காமல் விட்டால் நஷ்டம். இப்போது யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கொடுத்தவரும் பெட்டி பேசும்வரை இரண்டு விநாடி நின்று, கேட்டதும் தலையாட்டிவிட்டுப் போகிறார். முதலாளி போன் கல்லாவிலேயே கிடக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. அவர் சரக்கு எடுக்கப் போயிருக்கும்போது கடைப்பையன் "அண்ணே, அறுபது வந்துச்சான்னு பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் போன் போட வேண்டியதில்லை.

இதற்காக மாதம் நூறு ரூபாய் வாடகை தரலாமா என்றால், கூட்டம் உள்ள கடைக்குத் தரலாம். நாளுக்கு இருபது முப்பது வரவு மட்டும் உள்ள தையல் கடை, ஜெராக்ஸ் கடைக்குத் தேவையே இல்லை. வணிகர்களுக்கான ஆப்பிலேயே குரல் அறிவிப்பு வசதி உண்டு. அதை ஆன் செய்து பழைய போன் ஒன்றைக் கல்லாவில் நிறுத்தி வைத்தால் அதே வேலை நடக்கும்.

பெட்டி எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெட்டி உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. கொடுப்பவரின் ஆப்பிலிருந்து கிளம்பும் கோரிக்கை, யூபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ வழியாக அவர் வங்கிக்குப் போய்ப் பணத்தைக் கழித்து, வாங்கும் பக்கத்து வங்கியில் ஏறி, "முடிந்தது" என்ற சேதி கியூஆர் கொடுத்த கம்பெனியின் சர்வருக்கு வருகிறது. அந்த சர்வர் உங்கள் பெட்டியில் உள்ள சிம் வழியாக ஒரு சின்னத் தகவலை அனுப்புகிறது. அதை வைத்துத்தான் பெட்டி வாயைத் திறக்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. கல்லாவில் மூன்று கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, பெட்டி ஒன்றுதான் என்றால், மற்ற இரண்டில் வரும் பணத்துக்குப் பெட்டி ஊமை. "சொல்லவே இல்லையே" என்று தகராறு வருவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெட்டி வைத்த அன்றே மற்ற ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரண்டாவது, உங்கள் போன் நம்பருக்கு ஒருவர் அனுப்பினால் அது உங்கள் சொந்தக் கணக்குக்குப் போகும், பெட்டிக்குத் தெரியாது. "நம்பருக்குப் போடவா?" என்று கேட்பவரிடம் "இதுல ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லப் பழகுங்கள். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. பல கம்பெனிகளின் கியூஆரில் பணம் முதலில் கம்பெனி வழியாகச் சேர்ந்து, இரவிலோ மறுநாளோ மொத்தமாக உங்கள் கணக்குக்கு வரும். பெட்டி "பெறப்பட்டது" என்றதை நம்பி மாலை ஐந்து மணிக்குச் சரக்குக்காரருக்குப் பணம் போட உட்கார்ந்தால் கணக்கில் காலி. செட்டில்மென்ட் எத்தனை மணிக்கு, உடனே வேண்டுமென்றால் தனிக் கட்டணமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சத்தம் தாமதமாவதற்கு முக்கால்வாசிக் காரணம் சிக்னல். கடை உள்ளே நீளமாக, பக்கவாட்டில் இரும்பு ரேக், மேலே காங்கிரீட் தளம் என்றால் பெட்டியில் உள்ள சிம் திணறும். வாசல் பக்கம் இரண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். சில பெட்டிகளில் சிக்னல் போய்த் திரும்பியதும் தேங்கிய அறிவிப்புகள் வரிசையாக ஒலிக்கும். பத்து நிமிடத்துக்கு முன் கொடுத்தவரின் நாற்பது ரூபாயை இப்போது நிற்பவரின் கணக்கில் வைத்துவிடக் கூடாது. எந்த சிம் போட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். உங்கள் தெருவில் எது எடுக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், பெட்டி கொண்டுவரும் ஆளுக்குத் தெரியாது.

காதில் விழுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் எண்களில் அறுபது, எழுபது, எண்பது எல்லாம் "பது" என்றே முடிகின்றன. வேறுபாடு முதல் அசையில்தான். பஸ் ஹாரனும் மிக்ஸி சத்தமும் விழுங்குவது அந்த முதல் அசையை. எழுபதுக்குப் பதில் அறுபது வந்ததைக் கவனிக்காமல் விடுவது இப்படித்தான். சத்தத்தை முழுதாக ஏற்றினால் சின்ன ஸ்பீக்கர் கரகரத்து இன்னும் புரியாது. ஒன்றிரண்டு படி குறைத்து, பெட்டியை உங்கள் காது உயரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தெளிவாகக் கேட்கும். தொகையைத் திரையில் காட்டும் மாடல் கிடைத்தால் வாடகை பத்து ரூபாய் கூட இருந்தாலும் அதையே எடுங்கள். கடைசி வரவைத் திரும்பச் சொல்ல வைக்கும் பொத்தான் எது என்று கடைப்பையனுக்கும் காட்டிக் கொடுங்கள்.

பெட்டி தொகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. காலை எட்டு மணி டீக்கடையில் ஏழு பேர் நிற்கிறார்கள், அதில் நாலு பேர் முப்பது ரூபாய் ஆட்கள். "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று மூன்று தடவை கேட்டது. நாலு பேரும் "நான் போட்டுட்டேன்" என்கிறார்கள். யாரும் பொய் சொல்லாமலே ஒன்று குறையும், ஒருவருடையது பெண்டிங்கில் நின்றிருக்கும். இதற்குப் பெட்டியில் தீர்வு கிடையாது. பணம் போட்ட பிறகுதான் கிளாஸ் கைக்கு வரும் என்று வரிசையை மாற்றினால் குழப்பம் தானாகக் குறையும். கூட்ட நேரத்தில் ஆப்பில் கொடுத்தவர் பெயரைப் பார்ப்பதுதான் இன்னொரு வழி.

ஊருக்கே கேட்பதும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. மருந்துக்கடையில், கிளினிக்கில், வட்டிக் கடையில் ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அங்கே சத்தத்தை மேசைக்கு மட்டும் கேட்கும் அளவில் வைப்பது மரியாதை.

பெட்டி வாய் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் அரை நிமிடம் பொறுங்கள். "இன்னொரு தடவை போடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், சண்டையின் விதை அதுதான். பெட்டியை விட்டுவிட்டு உங்கள் வணிக ஆப்பில் வரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கொடுத்தவரின் ஆப்பில் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள், பச்சைத் திரையை அல்ல. அதில் அந்தப் பரிவர்த்தனைக்கே உரிய 12 இலக்க யூடிஆர் எண் இருக்கும். கடைசி நாலு இலக்கத்தை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டால் பணம் வந்ததா, வேறு கியூஆருக்குப் போனதா என்று தெரிந்துவிடும். பெண்டிங் என்று காட்டினால் பணம் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு ரொக்கம் வாங்குங்கள். அவருக்கும் கவலை வேண்டாம் என்று சொல்லலாம். கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராத பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. ஒருவேளை பிறகு உங்களுக்கே வந்து சேர்ந்தால், அந்த வரவைத் திறந்து ரீஃபண்ட் பொத்தான் வழியாகவே திருப்புங்கள். யாரோ போனில் சொல்லும் நம்பருக்கு அனுப்பாதீர்கள்.

இனி காசு. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது. அப்படியென்றால் கம்பெனி எதில் பிழைக்கிறது? ஒன்று இந்த வாடகை, இன்னொன்று கடன். மாதம் 100 என்று சொல்லும் இடத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக்கு 1416 ஆகும். தினசரி வரவிலிருந்து சிறுகக் கழிப்பதால் கண்ணில் படாது. "ஃப்ரீ" என்று கொடுக்கப்பட்ட பெட்டிகளில் எத்தனை மாதத்துக்கு ஃப்ரீ என்பதுதான் கேள்வி. வங்கிகளும் பெட்டி தருகின்றன. ஏற்கெனவே நடப்புக் கணக்கு இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், பணமும் நேராகக் கணக்கில் விழும்.

கடன் விஷயத்தில் கவனம் தேவை. உங்கள் கடையில் எந்தக் கிழமை எவ்வளவு ஓடுகிறது என்று உங்களைவிடத் துல்லியமாக அவர்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் "உங்களுக்கு ஒரு லட்சம் தயார்" என்று ஆப்பில் மணி அடிக்கும். தவணை தினமும் வரவிலிருந்தே போகும். எடுப்பதானால் முக்கிய விவரத் தாளைக் கேட்டு, அதில் ஆண்டு வட்டி விகிதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "நாளுக்கு வெறும் 320" என்ற கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் கோத்து ஒருவர் கொடுத்தால் அது வேறு கணக்கு. சிறு வணிகர்களுக்கு 2000 ரூபாய் வரை கமிஷன் இல்லை, அதற்கு மேல் பிடித்தம் இருக்கலாம். வரவேண்டியதில் ஐந்தும் பத்தும் குறைந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

பெட்டி மாட்ட வரும் ஆளிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். பெட்டி நிற்கப் போகும் இடத்திலேயே, கூட்ட நேரத்தில், வெவ்வேறு ஆப் உள்ள நாலு போனிலிருந்து ஒவ்வொரு ரூபாய் போடச் சொல்லி எண்ணுங்கள். மூன்று விநாடிக்குள் பேசினால் நல்லது, பத்தைத் தாண்டினால் வேறு சிம் உள்ள பெட்டி கேளுங்கள். ஸ்கேன் செய்ததும் வரும் பெயர் உங்கள் பெயரா, கடைப் பெயரா, எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள். பணம் சேரும் கணக்கின் கடைசி நாலு எண்ணை ஆப்பில் நீங்களே பாருங்கள், அவர் சொன்னால் போதாது. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வியாபாரம் பார்க்கப் போகாதீர்கள். வாடகை தானாகக் கழிய நீங்கள் தரும் ஆட்டோபே சம்மதம் எந்தத் தொகைக்கு, எவ்வளவு நாளைக்கு என்று வாசித்த பிறகே பின் நம்பர் போடுங்கள்.

திருப்பிக் கொடுப்பது கொண்டு வருவதைப் போல எளிதல்ல. ஆஃப் செய்து பரணில் போட்டாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஆப்பின் உதவிப் பகுதியில் புகார் எண் வாங்கி, பெட்டியை எடுத்துச் சென்றதற்குப் பதிவு வந்த பிறகுதான் முடிந்தது என்று அர்த்தம். அடுத்த மாதம் ஆட்டோபே ரத்தாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கை எங்கே இணைக்கிறீர்கள் என்பதன் அருமை 2024-ல் தெரிந்தது. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் மேல் ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது, வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்த கடைகளின் கியூஆர் எப்போதும்போல ஓடியது. அந்த வங்கியிலேயே பணம் சேரும்படி வைத்திருந்தவர்கள் மார்ச் 15-க்குள் மாற்ற வேண்டியிருந்தது. கம்பெனிப் பெட்டி வைத்தால், கணக்கு அந்தக் கம்பெனியின் வங்கியில் இல்லாமல் வேறொரு வங்கியில் இருப்பது நல்லது.

வரி பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் "நோ யூபிஐ" அட்டைகள் தொங்கின. பெட்டியைக் கழற்றுவது அதற்குத் தீர்வல்ல. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு, அதாவது நாளுக்குச் சுமார் 11,000. ஆனால் கடை கியூஆரில் சீட்டுப் பணம் வாங்குவது, மச்சான் அனுப்பும் கடனை வாங்குவது, "ஆயிரம் போடறேன், கேஷா குடுங்கண்ணே" என்பவருக்கு மாற்றிக் கொடுப்பது எல்லாம் தாளில் விற்பனை போலத்தான் தெரியும். கடை கியூஆர் கடைக்கு மட்டும் இருக்கட்டும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. தோசைக்கல், வடைச்சட்டி அருகே வைக்காதீர்கள், சூடு பேட்டரியைக் கெடுக்கும். கியூஆர் மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் சில போன்கள் ஸ்கேன் செய்யத் திணறும், ஈரத் துணியால் தினம் ஒரு துடைப்பு போதும். இரவு ஷட்டர் போடும்போது பெட்டியை உள்ளே எடுத்துச் சார்ஜில் போடுங்கள். வெளியே சுவரில் ஸ்டிக்கர் இருந்தால் காலையில் முதல் போணிக்கு முன் உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பல கடைகளின் கியூஆர் மேல் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஸ்கேன் செய்ததும் வேறு பெயர் வந்ததில்தான் விஷயம் வெளியே தெரிந்தது.