கடலை வறுக்க வாங்கிய விறகு கேசிஃபயர்: சாம்பல் உருகும் சிக்கலோடு ஓராண்டு

கோவில்பட்டிப் பக்கம் நிலக்கடலை வறுக்கும் சிறு ஆலை ஒன்றை நடத்துகிறேன். வறுக்கும் டிரம்முக்கும் வெல்லப் பாகு காய்ச்சும் கொப்பரைக்கும் வணிக எரிவாயு சிலிண்டர்களையே நம்பியிருந்த நிலையை மாற்ற, மணிக்கு 30 கிலோ விறகு போடக்கூடிய கீழ்நோக்கி இழுக்கும் வகைக் கேசிஃபயர் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். விறகைக் குறைந்த காற்றில் அரைகுறையாக எரித்து, எரியக்கூடிய வாயுவாக மாற்றிக் கீழ்ப்பக்கமாக இழுத்துத் தரும் கலன் இது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே அமைப்பில் பலர் கலன்களைச் செய்து விற்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிடக் கலனின் குணம் தெரிவதே பயன்படும்.

முதலில் நிறை. கை மணிக்கட்டுப் பருமனில் வெட்டி நன்றாகக் காயவைத்த சீமைக்கருவேலத் துண்டுகளைப் போட்டால் இந்தக் கலன் குறை சொல்ல முடியாதபடி உழைக்கிறது. பற்றவைத்த இருபது நிமிடத்தில் பர்னரில் நிலையான சுடர் கிடைக்கிறது. ஒரு 19 கிலோ சிலிண்டர் செய்த வேலையை 75 முதல் 80 கிலோ விறகு செய்துவிடுகிறது. மாலையில் அடியிலிருந்து வெளிவரும் சாம்பலும் மாவு போன்று உதிரியாகவே இருக்கும்.

சிக்கல் எரிபொருளை மாற்றியபோதுதான் தொடங்கியது. விளக்கத் தாளில் ‘காய்ந்த எந்த வேளாண் கழிவையும் பயன்படுத்தலாம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஆலையிலேயே கடலை ஓடு மலையாகக் குவிவதால், அதைப் பிரிக்கெட்டாக, அதாவது கெட்டியான கட்டைகளாக, அழுத்தி வாங்கிப் போட்டோம். முதல் நாள் நான்கு மணி நேரம் ஓடியபின் சுடர் நடுங்கியது, வாயுவில் தார் வாடை ஏறியது, கிரேட்டின் (எரிபொருளைத் தாங்கிச் சாம்பலைக் கீழே உதிர்க்கும் அடித்தட்டி) கைப்பிடி அசைய மறுத்தது. காற்றை நிறுத்தி இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை கதவுகளைத் திறந்து நெடுநேரம் காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே பார்த்தோம். (சூடான கலனை யாரும் திறக்க வேண்டாம், உள்ளிருப்பது கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணமும் கிடையாது.) காற்றுக் குழாய்களின் வாயைச் சுற்றிக் கரும்பச்சை நிறத்தில், குமிழி குமிழியாக, உடைந்த பாட்டிலைப் போலப் பளபளக்கும் கிளிங்கர் கட்டி, அதாவது உருகி இறுகிய சாம்பல், ஒட்டியிருந்தது. உளியால் தட்டி எடுத்தபோது உட்சுவரின் தீச்செங்கல்லும் சில்லுச் சில்லாகக் கூடவே பெயர்ந்தது.

சேவைக்கு வந்த தொழில்நுட்பர் மரியாதையாகவே பேசினார். ஆனால் ஈரப்பதத்தைத் தவிர வேறு காரணத்தை அவர் ஏற்கவில்லை. பிரிக்கெட்டை மேலும் உலர்த்திப் பார்த்தோம், கட்டி முன்னைவிட விரைவாகவே சேர்ந்தது. ஈரம் குறையக் குறைய எரியும் பகுதியின் வெப்பம் ஏறும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

உண்மையான காரணம் சாம்பலின் சேர்க்கையில் இருக்கிறது. மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா தனியாக இருந்தால் 1700 பாகை செல்சியஸை ஒட்டித்தான் உருகும். ஆனால் உழவர்கள் சாம்பல் சத்து என்று சொல்லும் பொட்டாசியம் அதனுடன் சேரும்போது, கலவை 750, 800 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். காற்றுக் குழாய் முனையிலோ வெப்பம் 1100 பாகையைத் தாண்டுகிறது. மர விறகின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சிலிக்கா குறைவு என்பதால் அது பெரும்பாலும் பொடியாகவே நின்றுவிடுகிறது. கடலையோ மண்ணுக்குள் விளைவது. எங்கள் கரிசல் மண் ஈரத்தில் பசையாகி ஓட்டின் வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். ஓட்டிலுள்ள பொட்டாசியமும் மண்ணிலுள்ள சிலிக்காவும் ஒரே அழுத்தத்தில் கட்டையாகி உள்ளே போனால், கண்ணாடி செய்யும் உலையைத்தான் நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். வேரோடு இயந்திரத்தால் பிடுங்கிய சீமைக்கருவேலக் கட்டைகளைக் கழுவாமல் போட்ட ஒரு வாரத்தில் இதே கட்டி சிறிய அளவில் தோன்றியது, மண்ணின் பங்கை எனக்கு உறுதிப்படுத்தியது.

அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் இரண்டு சாம்பல்களையும் தனித்தனிப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு 1100 பாகையில் வைத்துப் பார்த்தோம். கருவேலச் சாம்பல் சற்றே சுருங்கி நின்றது. பிரிக்கெட் சாம்பல் உருகிக் கிண்ணத்தின் அடியில் மெழுகியது போலப் படிந்துவிட்டது. எங்கள் பிரிக்கெட்டில் சாம்பலின் அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு இருந்தது. ஓட்டைச் சல்லடையில் சலித்து மண்ணை நீக்கியபின் அது 5 விழுக்காட்டிற்கு இறங்கியது. இப்போது சலித்த ஓட்டுப் பிரிக்கெட் ஒரு பங்குக்குக் கருவேலம் மூன்று பங்கு கலந்து, காற்றுவிசையைக் கொஞ்சம் தணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரேட்டை அசைத்து ஓட்டுகிறோம். எட்டு மணி நேர வேலை தடையில்லாமல் நடக்கிறது, ஓரிரு சிறு கட்டிகள் மட்டும் சாம்பலோடு விழுகின்றன.

கலனின் வடிவமைப்பிலும் குறை உண்டு. காற்றுக் குழாய் மட்டத்தில் கம்பி நுழைத்துக் குத்திவிட ஒரு துளைகூட இல்லை. சாம்பல் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குக்கூட அகலமில்லை. கிரேட் இருபுறமும் சிறிதே ஆடுகிறது, சுழல்வதில்லை. கட்டியை அரைத்துத் தள்ள அதனால் இயலாது. விறகுக்கு மட்டும் என்று சொல்லி விற்றிருந்தால் இவை எதையும் குறையாகக் கருதியிருக்க மாட்டேன்.

விறகு எளிதில் கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கலனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓடு, தட்டை, வைக்கோல், உமி ஆகியவற்றை நம்பி வாங்க நினைப்பவர்கள், எரிதிறனையும் ஈரத்தையும் கேட்பதோடு சாம்பல் எந்த வெப்பத்தில் இளகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுழலும் கிரேட் பொருத்திய புதிய கலன் வரப்போவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். கலக்காத என் ஓட்டுப் பிரிக்கெட்டில் எட்டு மணி நேரம் ஓட்டி, ஆறியபின் என் கண் முன்னே கதவைத் திறந்து காட்டினால் முன்பணம் தருவதாகப் பதில் எழுதியிருக்கிறேன்.