துப்பாக்கிச் சுடுதளத்தில் ஆறு மாதம்: நான் வாங்கிய காதுக்கவசம்

இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று உச்சிப்புளியில் குடியிருக்கும் நான், மாதம் இருமுறை சுடுதளத்துக்குப் பயிற்சிக்குச் செல்கிறேன். அதற்காக இராமநாதபுரத்தில் ஒரு காதுக்கவசம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 27 டெசிபல் வரை ஒலியைக் குறைக்கும் என்று அதன் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளது. சிறு தோட்டா போடும் பாயிண்ட் 22 துப்பாக்கிக்கு அது தாராளமாகப் போதும்.

பக்கத்துத் தடத்தில் ஒருவர், குழல் முனையில் மசில் பிரேக் என்னும் துளையுள்ள உறுப்பைப் பொருத்திய பெரிய துப்பாக்கியால் சுட்ட நாளில்தான் கவசத்தின் எல்லை தெரிந்தது. தோட்டாவின் பின்னால் மிகுந்த அழுத்தத்தோடு வெளியேறும் வாயுவை மசில் பிரேக்கின் துளைகள் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பிவிடுவதால், அவ்வாயு துப்பாக்கியை முன்னோக்கி இழுத்துத் தோளில் விழும் உதையைக் குறைக்கிறது. ஆனால், முன்னால் போக வேண்டிய வெடியோசையும் அதே வழியில் திரும்பிச் சுடுபவரின் காதையும், அவரைவிட மோசமாக, பக்கத்தில் நிற்பவரின் காதையும் தாக்குகிறது. தகரக் கூரையின் கீழ் அந்த அதிர்ச்சி என் நெஞ்சுக்குள் இறங்கியது. பெரிய துப்பாக்கியின் வெடியோசை மசில் பிரேக் இல்லாமலே 160 டெசிபலை எட்டக்கூடியது. 140ஐத் தாண்டினால் ஒரே வெடி கூடச் செவிக்கு நிரந்தரக் கேடு செய்யலாம்.

சைலன்சரின் வேலை இதற்கு நேர்மாறானது. உள்ளறைகளில் வாயுவை விரியவும் ஆறவும் விட்டு மெதுவாக வெளியேற்றுவதால் ஓசையும் குறைகிறது, உதையும் ஓரளவு தணிகிறது. ஹைரம் பெர்சி மேக்சிம் 1909இல் காப்புரிமை பெற்ற அக்கருவி, திரைப்படங்களில் காட்டுவதுபோல் ஓசையை முற்றிலும் அடக்கிவிடாது. குறைவது பெரும்பாலும் 20 முதல் 35 டெசிபல்தான். நொடிக்கு சுமார் 340 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தை மிஞ்சிச் செல்லும் தோட்டா காற்றில் எழுப்பும் வெடிப்பொலியை அதனால் தடுக்க முடியாது.

ஆகவே கவசத்தின் மேல் குறை சொல்வதைவிட, அதை எப்படி அணிகிறோம் என்று பார்ப்பதே நியாயம். என் மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதைச் சுற்றிப் பதியும் கவசத்தின் மெத்தையைத் தூக்கிவிடுவதால், அந்த மெல்லிய இடைவெளி வழியே ஓசை புகுந்துவிடுகிறது. மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறி, உள்ளே பஞ்சுபோன்ற காதடைப்பானும் செருகிய பிறகே மசில் பிரேக் அருகில் நிம்மதியாக நிற்க முடிந்தது. இரண்டையும் சேர்த்து அணிந்தால் இரு மடங்கு பாதுகாப்பு கிடைத்துவிடாது. கூடுதலாக ஐந்து டெசிபல் அளவே குறையும். ஆயினும் அதுவும் வேண்டியதே.

தம்பியின் வள்ளத்தில் டீசல் இன்ஜின் அருகிலும் இதை அணிந்து பார்த்தேன். தடதடப்பின் கூர்மை அடங்கியது. அடித்தொனி உறுமல் மட்டும் மிச்சமிருந்தது.

வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து ஐந்தாவது மாதத்திலேயே மெத்தையின் மேலுறை வெடித்துவிட்டது. வாங்கும்போதே மாற்று மெத்தை ஒரு ஜோடி கேட்டு வாங்குங்கள். எனக்கு விற்ற கடையில் அது இல்லை.