டிஃபார்ம்-3டி: உலோக ஓட்டத்தை அது சொல்லும், உராய்வை நாம்தான் சொல்ல வேண்டும்

டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) வெட்டுவதற்கு முன்பே கணினியில் அடித்துப் பார்க்க உதவும் மென்பொருள்களில் மூத்தவற்றுள் ஒன்று டிஃபார்ம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், பேட்டல் ஆய்வகத்தில் 1980களில் எழுதப்பட்ட ஆல்பிட் நிரலிலிருந்து வளர்ந்தது. சூட்டு ஃபோர்ஜிங்குக்கு, அதாவது காய்ச்சிய உலோகத்தை டைகளுக்கு நடுவே அடித்து உருவாக்கும் வேலைக்கு, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீடு.

உலோக ஓட்டத்தில் இதன் கணிப்பு அருமை. பில்லெட் (அடிக்கப்போகும் உலோகத் துண்டு) எப்படிப் பரவும், எந்த மூலை கடைசியில் நிரம்பும், ஃபிளாஷ் (டைகளுக்கு நடுவே பிதுங்கும் உபரி உலோகம்) எந்தப் பக்கம் அதிகம் போகும் என்பதெல்லாம் நம்பும்படி வரும். கணக்குக்காகப் பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரிக்கும் வலை சிதைந்தால் தானே புது வலை போட்டுக்கொள்வதுதான் இதன் பெரிய பலம். ஆனால் ஆபத்தும் அங்கேதான். எலிமென்ட் பெரிதாக இருந்தால், மடிப்பு (உலோகம் தன்மேல் தானே மடியும் குறை) விழும் இடத்தில் புது வலை இரண்டு மடலையும் ஒட்டிவிடும். திரையில் மடிப்பே தெரியாது. மூலை ஆரம் 3 மி.மீ. என்றால் அந்த இடத்தில் எலிமென்ட் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு ஸ்டெப்பில், அதாவது ஒரு கணக்கீட்டுப் படியில், டை நகரும் தூரம் அந்த எலிமென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3 மி.மீ. அளவில் இருக்கட்டும். கன அளவு ஈடுகட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு புது வலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் தொலைந்து, நிரம்பும் டை நிரம்பாததுபோலக் காட்டும்.

வெப்பநிலைக்கு அடியை மட்டும் கணக்கிட்டால் போதாது. மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும்: சூளையிலிருந்து பிரஸ்ஸுக்கு வரும் 5 முதல் 10 நொடி, கீழ் டையில் பில்லெட் கிடக்கும் 2 நொடி, பிறகு அடி. நடுக்கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பில்லெட்டின் கீழ்த்தோல் குளிர்வது அப்போதுதான். கீழ்ப்பக்க ரிப் (மெல்லிய விலா போன்ற பகுதி) நிரம்பாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கும்போது, திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். பில்லெட்டிலிருந்து டைக்கு வெப்பம் போகும் வேகத்தைச் சொல்லும் வெப்பப் பரிமாற்றக் கெழுவை, கிடக்கும்போது 1, அழுத்தத்தில் 5 முதல் 11 என்று வைக்கலாம். இதன் எஸ்ஐ அலகில் 1 என்பது சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1000 வாட். புத்தகத்தில் பார்த்த 5000ஐ அப்படியே தட்டினால் டை பனிக்கட்டிபோல வேலை செய்யும். 1200 டிகிரியில் பில்லெட் கதிர்வீச்சால் இழக்கும் வெப்பம், காற்றுச் சலனத்தால் இழப்பதைவிட ஏழெட்டு மடங்கு. அதனால் உமிழ்திறன் (பரப்பு வெப்பத்தைக் கதிர்வீசும் அளவு) 0.7 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமச்சீரான பாகத்தில் கால்பங்கை மட்டும் மாடலாகப் போட்டால், வெட்டிய முகங்களுக்கு வெளிக்காற்றோடு வெப்பப் பரிமாற்றம் கொடுக்காதீர்கள். அவை பொருளின் உள்பகுதி.

மென்பொருளின் எஃகுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே வெப்பநிலை வரம்பு இருக்கும். 1045 என்ற எஃகைக் குளிர்நிலைத் தரவோடு எடுத்து 1200 டிகிரியில் ஓட்டினால் டன்னேஜ் (அடிக்கத் தேவைப்படும் விசை) எங்கேயோ போய்விடும். உங்கள் எஃகு பட்டியலிலேயே இல்லாவிட்டால், மூன்று வெப்பநிலையிலாவது, மூன்று வேகத்திலாவது அமுக்கச் சோதனை செய்து எண்களைக் கொடுப்பதுதான் வழி.

இனி உராய்வு. இதை மென்பொருள் கணிக்கவில்லை, நாம் கொடுத்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. தண்ணீரில் கலந்த கிராஃபைட் தெளித்த டைக்கு வெட்டு உராய்வுக் காரணி (0 என்றால் உராய்வே இல்லை, 1 என்றால் ஒட்டிக்கொள்ளும்) 0.3, எண்ணெய் படாத காய்ந்த டைக்கு 0.7 என்று தொடங்குவது வழக்கம். உங்கள் ஷாப்பில் ஸ்ப்ரே சரியாக விழுகிறதா, செதில் (சூட்டில் எஃகின் மேல் படியும் ஆக்ஸைடு) ஒட்டியிருக்கிறதா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. வளையச் சோதனை செய்யுங்கள். வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் 6:3:2 விகிதத்தில் வளையம் கடைந்து, உற்பத்தியில் உள்ள அதே சூட்டில், அதே ஸ்ப்ரேயோடு பாதி உயரத்துக்கு அமுக்குங்கள். உராய்வு குறைவென்றால் உள்துளை விரியும், அதிகமென்றால் சுருங்கும். அதே வளையத்தை டிஃபார்மில் பல காரணிகளோடு ஓட்டி, எந்த எண்ணில் துளை ஒத்துப்போகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸுக்குச் செலவழிக்கும் பணத்துக்கு முன்னால் நான்கு வளையம் கடைவது ஒரு செலவே இல்லை.

டன்னேஜில் ஒரு எச்சரிக்கை. டையை விறைப்பான பொருளாக எடுப்பதே வழக்கமான அமைப்பு. உண்மையில் டையும் பிரஸ் சட்டமும் கொஞ்சம் நெகிழும். கணக்கில் அந்த நெகிழ்வு இல்லாததால், டை மூடும் கடைசி சில பத்தில் ஒரு மி.மீ.யில் விசை வரைபடம் செங்குத்தாக ஏறும். அந்த உச்சத்தை வைத்து பிரஸ் தேர்வு செய்யாதீர்கள்.

ஃபிளாஞ்ச், கியர் பிளாங்க் மாதிரி அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருக்கும் வட்டப் பாகங்கள் மட்டும் அடிக்கும் ஷாப்புக்கு 3டி தேவையில்லை. குறுக்குவெட்டை மட்டும் கணக்கிடும் 2டியில் நிமிடங்களில் முடியும். வலையையும் அங்கே தாராளமாக நுணுக்கலாம். கனெக்டிங் ராடு, கிராங்க்ஷாஃப்ட் அடிப்பவர்களுக்கு 3டி வேண்டும், கூடவே அதை ஓட்ட ஷாப் தெரிந்த ஓர் ஆளும்.