டைம் கொமாண்ட்: மூணு வருஷம் யூஸ் பண்ணின பிறகு

அட்டன் டவுன்ல மாமாவோட ஃபோட்டோ கொப்பி கடைக்கு பின் ரூம், நாலு கோர், 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய லெப்டொப், அதுல உபுண்டு. பழைய ஓ.எல் பாஸ்ட் பேப்பர ஸ்கேன் பண்ணி, படத்துல உள்ள எழுத்த வாசிக்கிற டெசராக்ட் சொஃப்ட்வெயர்ல தமிழ் டெக்ஸ்ட்டா மாத்துறதுதான் வேலை, அதுல எது எவ்வளவு புரொசசர் திங்குதுன்னு பாக்க, ஒரு வேலை ஓட எவ்வளவு நேரம் போச்சுன்னு சொல்ற டைம் கொமாண்டத்தான் நம்பி இருந்தேன்.

முதல் வருஷம் நல்லா ஏமாந்தேன். ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு பக்கத்தையும் பின்னணியில ஓட விட்டுட்டு டைம் போட்டு பாத்தா ஒரு செக்கன் கூட வரல, பெருமையா வட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷொட் வேற அனுப்பிட்டேன், ஆனா ஃபேன் மட்டும் கத்திக்கிட்டே இருக்கு. அப்புறம்தான் வெளங்கிச்சு, நம்ம தோட்டத்து மடுவத்துல, அதான் நிறுவை கொட்டகையில, தேயிலைக் கொழுந்து நிறுக்குற மாதிரிதான் இதுவும். கூடையில எவ்வளவு இருந்தாலும் தராசுல ஏறாம பேர்ல எழுத மாட்டாங்க. ஒரு புரொகிராம் (பேரண்ட்) கிளப்பி விட்ட இன்னொண்ணுதான் சைல்ட் புரொசஸ், அது முடிஞ்சு, பேரண்ட் அதுக்கு வெயிட் போட்டு காத்திருந்தாத்தான் அதோட நேரம் பேரண்ட் கணக்குல சேரும். பேரப்புள்ளைங்க கணக்கும் அப்படித்தான், நடுவுல ஒருத்தர் வெயிட் பண்ணாம போயிட்டா அதுக்கு கீழ உள்ளது அம்புட்டும் போச்சு. ஸ்கிரிப்ட் கடைசியில வெயிட்னு ஒரே ஒரு வரி போட்டேன், உண்மை நேரம் வந்திருச்சு.

வந்த பிறகுதான் இன்னொரு கூத்து. யூசர் நேரம் (எல்லா கோரும் புரொகிராமுக்கு உழைச்ச நேரத்தோட கூட்டு) ரியல (கடிகாரத்துல போன நேரம்) விட மூணு மடங்குக்கு மேல. நாலு கோர்ல ஓடுனா அப்படி வரும்தான், அதுல தப்பில்ல, ஆனா டெசராக்ட் தானாவே ஆளுக்கு நாலு திரெட் (ஒரே நேரத்துல பிரிஞ்சு ஓடுற வேலை) வரைக்கும் எடுத்துக்கும், நான் நாலு டெசராக்ட்ட ஒண்ணா விட்டிருக்கேன், ஒருத்தன ஒருத்தன் தள்ளிக்கிட்டு நிக்கிறானுங்க. எத்தன திரெட் எடுக்கலாம்னு கட்டுப்படுத்துற ஓஎம்பி திரெட் லிமிட்ட ஒண்ணுன்னு வச்சேன். ரியல், யூசர் ரெண்டும் நல்லா இறங்கிச்சு. இந்த ஒண்ணுக்காகவே டைம் கொமாண்டுக்கு கும்புடு போடலாம்.

குறையும் இருக்கு. கொமாண்ட் டைப் பண்ற பேஷ்லயே உள்ள டைம், பைப் போட்டு ஒண்ணோட ஒண்ணு கோத்த கொமாண்ட் வரிசை முழுசையும் அளக்கும், தனியா இன்ஸ்டோல் பண்ற குனூ டைம் முதல் கொமாண்ட மட்டும்தான் அளக்கும், இது தெரியாம ஒரு ராத்திரி வீணாப்போச்சு. குனூ டைம்ல வி ஒப்ஷன் போட்டா மெமரியும் காட்டும், ஆனா அதுல வர்றது ஆகப் பெரிய ஒரு புரொசஸோடது மட்டும், எல்லாத்தோட கூட்டுத்தொகை இல்ல. அத நம்பி நாலு வேலைய ஒண்ணா விட்டு, ரேம் பத்தாம டிஸ்க்க மெமரியா பாவிக்கிற ஸ்வொப்ல மாட்டி மெஷின் அப்படியே நின்னுருச்சு. இன்னொண்ணு, கரண்ட் போய் பெட்டரியில ஓடுறப்போ கிளொக் இறங்கிடும், அதே வேலைக்கு யூசர் நேரம் கூடத்தான் காட்டும். ரெண்டையும் ஒப்பிட்டு குழம்பாதீங்க.

இப்ப பெரிய வேலைக்கு டைமுக்கு பதிலா சிஸ்டம்டி ரன்ங்கிற கொமாண்ட வெயிட் ஒப்ஷனோட போடுறேன். புரொசஸ் எல்லாத்தையும் ஒரே கூட்டமா கட்டி வைக்கிற சிகுரூப் வச்சு கணக்கு எடுக்குறதால பேரண்ட விட்டுட்டு ஓடிப்போன புரொசஸ் கூட தப்பாது, முடியிறப்போ மொத்த சிபியு நேரத்த சொல்லிரும். சின்ன வேலைக்கு இன்னும் பேஷ் டைம்தான், டைப் பண்ண நாலு எழுத்து போதுமே.